செண்பகம் களத்தில் விழுந்தாள்

புதிரைப் படிக்கும் முன்பே விடையை எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் கடைசிப் பகுதியை இப்போதே கையால் மூடிக்கொள்வது நலம். விடைக்கு வேண்டிய செய்திகள் யாவும் கதையிலேயே உள்ளன. ஒன்றையும் ஒளித்து வைக்கவில்லை.

கழுகுமலையில் செண்பகம் என்றொரு சிறுமி எட்டாம் வகுப்பில் படித்து வந்தாள். அவளுக்குச் சிறு வயது முதலே வலிப்பு நோய் உண்டு. காலையிலும் இரவிலும் தவறாமல் மாத்திரை உட்கொள்வாள். மாத்திரைகள் இருந்த எவர்சில்வர் டப்பா, சமையலறைச் சன்னலில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும். "பிள்ளை ஓடி ஆடட்டும், உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. தனியாகக் கிணற்றில் இறங்கக் கூடாது. மாத்திரையும் தூக்கமும் தவறவே கூடாது" என்று மருத்துவர் கூறியிருந்தார்.

அவள் தாய் மாரித்தாய்க்கு மனம் ஒப்பவில்லை. மகள் கெஞ்சிய கெஞ்சலுக்கு இரங்கிப் பள்ளியின் கோ-கோ அணியில் சேர விட்டார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்.

"களத்துல ஒரே ஒரு தடவ இழுப்பு வந்தாலும் சரி, அன்னைக்கோட வெளையாட்டுக்குப் பெரிய கும்பிடு. சம்மதமா?"

செண்பகம் அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அதன்பின் அந்த வீட்டில் சில மாறுதல்கள் நிகழ்ந்தன. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவள், மறுசோறு கேட்டு வாங்கினாள். படுத்தவுடன் உறங்கினாள். தோழியரோடு சண்டையிட்டாள், மறுநாளே சேர்ந்துகொண்டாள். மழைக்காலம் முழுவதும் வலிப்பு தலைகாட்டவில்லை.

பொங்கல் கழிந்ததும், தந்தையின் அக்காள் வேலம்மாள் இராசபாளையத்திலிருந்து விருந்துக்கு வந்தார். நல்லவர், ஆனால் அறிந்த செய்தியை ஊருக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியாதவர். 'நாளைக்கு இவளை ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணுமே' என்று அஞ்சிய மாரித்தாய், சன்னலில் இருந்த டப்பாவை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டார். அத்தையோ சமையலறையை விட்டு நகரவேயில்லை. பகலெல்லாம் அங்கேயே பலகை போட்டு அமர்ந்து வெங்காயம் உரித்தார். இரவில் அதே இடத்தில் பாயை விரித்து, மருமகள் செண்பகத்தைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, கோழி கூவும் வரை ஊர்க்கதை பேசினார். மறுநாளும் அப்படியே கழிந்தது.

சனிக்கிழமை மாலை, பக்கத்து ஊர்ப் பள்ளியோடு போட்டி. அம்மாவும் அத்தையும் பார்க்கப் போனார்கள். முன்தினம் பெய்த தூறலில் தரை குளிர்ந்திருந்தது. வேப்பமர நிழல் களம் முழுவதும் நீண்டு கிடந்தது. செண்பகத்தின் அணிக்குத் துரத்தும் முறை. துரத்துவோர் வரிசையாகக் குந்தியிருப்பர். முதுகில் தட்டி 'கோ' என்று சொன்னால்தான் எழுந்து ஓடலாம். வரிசையின் கடைசியில் செண்பகம் குந்தியிருந்தாள். ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவளுக்குக் 'கோ' வருவதற்குள் பக்கவாட்டில் சாய்ந்தாள். கைகால்கள் வெட்டி இழுத்தன.

விளையாட்டு ஆசிரியை அங்கயற்கண்ணி ஓடிவந்து, அவளை ஒருக்களித்துக் கிடத்தித் தம் துப்பட்டாவை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தார், கூட்டத்தை விலக்கினார்.

"சாவி! இரும்புச் சாவி எங்கடி?" என்று அலறிய அத்தை, தம் மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சீப்பு விழுந்தது, வெற்றிலைப் பெட்டி விழுந்தது, பாதி தின்ற முறுக்கு விழுந்தது. சாவிக்கொத்து கடைசியாக விழுந்தது. அதற்குள் இழுப்பு தளர்ந்துவிட்டிருந்தது. அத்தை சாவியைச் சிறுமியின் விரல்களுக்குள் திணித்தார். அவள் மெல்லக் கண் விழித்தாள்.

"பாத்தியா? இரும்புன்னா இரும்புதான்!"

சற்று நேரத்தில் தெளிந்து எழுந்த செண்பகம், விழுந்ததற்காக அழவில்லை. "அம்மா, சத்தியம்..." என்று சொல்லித்தான் அழுதாள்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான். இந்த ஓட்டந்தான் அதக் கூட்டிட்டு வந்திருக்கு. இனிமே இந்தப் பக்கம் காலே வைக்கப்படாது" என்றார் அம்மா.

"ஏன் வெளையாடப்படாது? இடுப்புல ஒரு சாவியக் கட்டி விடு, தாயி. ராணி மாதிரி ஓடுவா" என்றார் அத்தை.

"வெயில் ஒத்துக்கல போலக்கா. ஆட்டத்த விட வேண்டாம், ஓரமா உக்காந்து புள்ளி போடட்டும்" என்றார் ஆசிரியை.

வாசகரே, இம்மூவருள் யார் சொன்னது சரி?

விடை: ஒருவர் சொன்னதும் சரியன்று. செண்பகம் ஓடவேயில்லை, ஆதலால் ஓட்டத்தின்மேல் குற்றமில்லை. களத்தில் இருந்ததோ நிழல், வெயில் அன்று. சாவி வந்தது இழுப்புத் தளர்ந்த பிறகு. அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அரிசிப் பானையில் முடங்கிய மாத்திரையும் ஊர்க்கதையில் கெட்ட உறக்கமுமே வலிப்பை அழைத்து வந்தன. இதை முதலில் உணர்ந்தவர் மாரித்தாயே. வீடு திரும்பியதும், மதினி பார்க்கட்டும் என்றே பானைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்தார். "இதையா எங்கிட்ட மறைச்ச? எங்க வீட்டுக்காரரோட சர்க்கரை மாத்திர டிவி மேலதான் கெடக்கு. போறவன் வாறவன்லாம் எண்ணிப் பாக்கான்!" என்று அத்தை சிரித்தார். மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடியே கூறினர்; அவரும் ஆட்டத்தைத் தடுக்கவில்லை. "சத்தியம் பண்ணுனது நீ, தப்புப் பண்ணுனது நான். அது உன்னச் சேராது, போ" என்று அம்மா மகளை அனுப்பி வைத்தார். அடுத்த போட்டியன்று டப்பா சன்னலில் இருந்தது; வரிசையின் கடைசியில் செண்பகம் குந்தியிருந்தாள். முதுகில் 'கோ' விழுந்ததும் பாய்ந்து ஓடினாள். அத்தை மட்டும் சாவிக்கொத்தைக் கைவிடவில்லை. ஆட்டம் முடியும் வரை அதைக் குலுக்கிக் குலுக்கியே உற்சாகப்படுத்தினார்.