சோம்ரி பார்த்த புலி வேட்டை

“நம்ம ராசா வீட்டுச் சுவரைப் பார்த்தியாடி? உரிச்ச கோழி மாதிரி நிக்குது.”

ஆற்றில் குடம் நிரப்பிய இரண்டு பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது இது. யானைமேல் போய்க்கொண்டிருந்த ராஜாவின் காதில் விழுந்துவிட்டது. கேளுங்கள், கதை இங்கேதான் தொடங்குகிறது. மலைகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலம் அது.

அந்த நாட்டு மலைப்பெண்கள் கல்யாண வீட்டுச் சுவர்களில் படம் எழுதுவார்கள். முதலில் கரிய மண் பூசுவார்கள். அது காய்ந்ததும் மேலே வெள்ளை மண். வெள்ளை ஈரமாக இருக்கும்போதே உடைந்த சீப்பால் கீறினால், அடியிலிருந்து கறுப்பாக மானும் மயிலும் எழுந்து வரும். அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்: கண்ணால் பார்க்காததைக் கை எழுதக் கூடாது.

அவர்களில் கைதேர்ந்தவள் சோம்ரி. ராஜா அவளை அழைத்துவரச் செய்தார். தான் மூன்று புலிகளைக் கொன்றதைச் சுவரில் எழுத வேண்டும் என்றார். ஒன்றைக் கையால் கொன்றாராம். ஒன்றைக் காலால் கொன்றாராம். ஒன்றை வெறுமனே முறைத்தே கொன்றாராம். எழுதாவிட்டால், மலைப்பெண்கள் மண் எடுக்கும் குழியை மூடிவிடுவாராம்.

மண் இல்லாவிட்டால் படம் இல்லை. படம் இல்லாத வீட்டில் எந்த மணப்பெண்ணும் கால் வைக்க மாட்டாள். அந்த மாதம் மட்டும் மலையில் ஏழு கல்யாணம்.

சோம்ரி தலையைச் சொறிந்தாள். “எழுதறேன், ராசாவே. நீங்க புலியைக் கொல்றதை ஒரு தடவை நான் பார்த்துடணும்.”

சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று ராஜா எப்படிச் சொல்வார்? முதல் நாள், புலிக்கு இன்று நாள் சரியில்லை என்றார். இரண்டாம் நாள், முழங்கால் வலி என்றார். மூன்றாம் நாள் சாக்கு தீர்ந்துவிட்டது. காட்டுக்குப் போனார்கள்.

ஓடைக்கரைக்குப் புலி வந்தது. ஒன்றும் செய்யவில்லை, ஒரு கொட்டாவி விட்டது. அதற்குள் ராஜா இலுப்பை மரத்தின் உச்சியில் இருந்தார். கிரீடம் நடுக்கிளையில் தொங்கியது. புலி தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டது. புதருக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சோம்ரி பார்த்தாள், புலி வாலில் எத்தனை வளையம் என்பதுவரை.

மறுநாள் அரண்மனைச் சுவரில் கீறினாள். கீழே புலி, மேலே ராஜா, நடுவில் கிரீடம்.

குழியை மூட ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் என்று மந்திரி ஓடிவந்தார். இன்னும் ஈரம் காயவில்லை, உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டுச் செத்த புலியாக எழுதிவிடு, குழி உங்களுக்கே என்று கெஞ்சினார். சோம்ரிக்கு ஏழு மணப்பெண்களும் நினைவுக்கு வந்தார்கள். அவள் கை சுவர்வரை போனது. கீறிய புலி கொட்டாவி விட்டபடி அவளைப் பார்த்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“பார்த்ததை அழிச்சா, அப்புறம் என் கண்ணை நானே நம்ப மாட்டேன், சாமி.”

ராஜா வந்தார். சுவரை வெகுநேரம் பார்த்தார். சபையில் எல்லோரும் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

“என் இன்னொரு கை எங்கே?” என்றார் ராஜா.

“அது மரத்துக்குப் பின்னால இருந்துச்சு, ராசாவே. நான் பார்க்கலை.”

பொய்யாகப் புகழும் நூறு பேரைவிட, கண்டதைக் கண்டபடி காட்டும் ஒருவரே நமக்கு வேண்டியவர். இந்தக் கதையின் நீதி இதுதான்.

ராஜா, குழியை மூடப்போன ஆட்களைத் திரும்ப அழைக்கச் சொன்னார். பிறகு சோம்ரியிடம் சீப்பை வாங்கி, கிளையை இறுகக் கட்டிக்கொண்டிருந்த தன் இன்னொரு கையைத் தானே கீறினார்.