பார்க்கக் கூடாத நீச்சல்

முன்னொரு காலத்தில், ஏரிக்கும் குளத்துக்கும் குறைவில்லாத ஒரு நாட்டைக் கனகவர்மர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் ஒன்று தலைக்குள் புகுந்துவிட்டால் பிரம்மதேவனே வந்தாலும் அதை வெளியே எடுக்க முடியாது.

ஒரு நாள் சபைக்கு வந்தவர் திகைத்து நின்றார். ஆசனங்களில் ஆளில்லை. வாயில்காப்போன்கூட இல்லை. விசாரித்தால், திருவிழா நீச்சல் போட்டிக்குத் தெப்பக்குளத்தில் ஒத்திகையாம். ஊரே அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவன் அரண்மனை விகடகவி வெண்காடன்.

பிரதானி திருமலைக்கொழுந்து மட்டும் சபையில் இருந்தார். வெண்காடனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். ராஜா சிரிப்பது வெண்காடன் பேச்சுக்கு; கொட்டாவி விடுவது இவர் பேச்சுக்கு. வேறு காரணம் வேண்டுமா என்ன?

"மகாராஜா, நீந்துகிறவனுக்கு உடம்பு உரம் பெறும். கரையில் நிற்பவனுக்கு என்ன கிடைக்கும்? எவனோ நீந்த, எவனோ ஜெயிக்க, இவன் தொண்டை கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறான். அதுவரை ஏரும் நிற்கிறது, தறியும் நிற்கிறது. போட்டி நடக்கட்டும். பார்ப்பதைத் தடுத்துவிடுங்கள்" என்றார் பிரதானி.

ராஜாவுக்கு அது அமிர்தமாக இருந்தது. போட்டியை யாரும் பார்க்கக் கூடாது, பார்த்தவன் கண்ணில் சுண்ணாம்பு என்று ஊரெங்கும் தண்டோரா போட்டார்கள். பெற்ற பிள்ளையே ஆனாலும் விலக்கில்லை என்று சாமி முன்னால் வாளைத் தொட்டுச் சத்தியமும் செய்தார். வெண்காடன் ஏதாவது குத்தலாகச் சொல்வான் என்று எதிர்பார்த்தார். அவன் "உத்தரவு, மகாராஜா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

திருவிழா நாள் வந்தது. வீட்டுக்கு ஒருவர் பூவோடு குளக்கரையில் நிற்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். வழக்கத்தையும் விட முடியாது, சட்டத்தையும் மீற முடியாது. ஆகவே நாலு கரையிலும் சனங்கள் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மேளக்காரர்களும் அப்படியே. சோம்பேறிகளுக்கு வழிகாட்டுகிறேன் பேர்வழி என்று ராஜாவே கச்சையைக் கட்டிக்கொண்டு, மற்ற ஏழு வீரர்களோடு கிழக்குப் படித்துறையில் குதித்தார்.

பாதிக் குளம் தாண்டியதும் கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. முன்னே போன ஏழு பேரும் திரும்பவில்லை. அடுத்தவன் நீந்துவதைப் பார்ப்பதும் குற்றம்தானே. கத்தினார். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

முழுகி எழுந்தவர் கண்ணில் எதிர்க்கரை பட்டது. குடுமிகள், கொண்டைகள், ஆயிரம் முதுகுகள். ஒரு முகம்கூட இல்லை. இத்தனை குடிமக்கள் கூப்பிடு தூரத்தில் நிற்க, ஒருவருக்கும் தெரியாமல் தாம் சாகப்போகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியொரு பயம் போர்க்களத்தில்கூட அவருக்கு வந்ததில்லை. மறுபடி முழுகினார். மூன்றாம் தடவை முழுகியபோது யாரோ குடுமியைப் பிடித்து இழுத்தார்கள்.

படித்துறையில் கிடந்து தண்ணீரைக் கக்கிவிட்டு நிமிர்ந்தால், எதிரே சொட்டச் சொட்ட வெண்காடன். ராஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வரவில்லை. பிரதானிக்குத்தான் வந்தது.

"தாங்கள் பிழைத்தது தெய்வச் செயல், மகாராஜா. ஆனால் சத்தியம் செய்திருக்கிறீர்கள். இவன் போட்டியைப் பார்த்திருக்கிறான். பார்க்காமல் எப்படிக் காப்பாற்றுவான்?"

ராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உயிரைக் காத்தவன் கண்ணில் சுண்ணாம்பா? "வெண்காடா, நீ பார்த்தாயா?" என்று கேட்கும்போதே, இல்லையென்று சொல்லிவிடேன் என்று அவர் மனம் கெஞ்சியது.

"இல்லை, மகாராஜா. வெயில் தாங்கவில்லை, குளிக்க இறங்கினேன். கையில் ஏதோ தட்டுப்பட்டது. தாமரைக் கொடி என்று இழுத்தேன். பார்த்தால் தங்கள் குடுமி."

"பச்சைப் பொய்" என்று துள்ளினார் பிரதானி. "மேளம் கொட்டியதிலிருந்து இவன் குளத்தைப் பார்த்துத்தான் நின்றான். என் இரண்டு கண்ணாலும் கண்டேன். மகாராஜா முதல் தடவை முழுகியபோது தலைப்பாகையைக் கழற்றினான். இரண்டாம் தடவை முழுகியபோது குதித்தான். மூன்றாம் தடவைதான் எட்டிப் பிடித்தான்."

வெண்காடன் கைகூப்பினான். "மூன்று தடவையா, ஐயா? தாங்கள் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது."

ராஜா மெல்ல எழுந்தார். "நான் மூன்று தடவை முழுகியதையும் பார்த்துக்கொண்டிருந்தீரா?"

பிரதானியின் முகம் சுண்ணாம்பாகவே வெளுத்துவிட்டது. "கூப்பாடு போட்டிருப்பேன், மகாராஜா. போட்டால் நான் பார்த்தது வெளியே தெரிந்துவிடும். கண் போய்விடும்."

ராஜா தொப்பென்று படியில் உட்கார்ந்துவிட்டார். கோபம்கூட வரவில்லை. "குளத்தில் ஓர் எருமை முழுகினால் நாலு பேர் கத்துவார்கள்" என்றார். "எனக்காக ஒருவரும் கத்த முடியாதபடி நானே செய்துகொண்டேனே. இப்போது இரண்டு பேர் கண்ணையும் கெடுக்க வேண்டுமா?"

அந்த நேரத்தில் ஏழு வீரர்களும் சண்டை போட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள். நான்தான் முதல் என்று ஏழு பேரும் சாதித்தார்கள். யாரைக் கேட்பது? ராஜா கரையைப் பார்த்தார். இவ்வளவு நடந்தும் ஒரு முதுகுகூடத் திரும்பியிருக்கவில்லை.

"மகாராஜா" என்றான் வெண்காடன். "ஜெயித்தவன் யாரென்று தெரியாதது எப்படிப் போட்டியாகும்? தாங்களும் இந்த ஏழு பேரும் குளித்தீர்கள். குளித்ததை நானும் ஐயாவும் பார்த்தோம். குளிப்பதைப் பார்க்கக் கூடாது என்று தாங்கள் சத்தியம் செய்யவில்லையே. பார்க்கிறவர்கள் இல்லாத இடத்தில் போட்டி ஏது?"

ராஜா அவனையே வெறித்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமலும் சிரிப்புமாகக் கண்ணில் நீர் வழிய, "திரும்புங்கள், எல்லோரும் இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்றார். நாலு கரையும் திரும்பி, அவிழ்ந்த குடுமியோடு நின்ற ராஜாவைப் பார்த்து வாய்பிளந்தது. சட்டம் அந்த இடத்திலேயே ஒழிந்தது. விரலில் இருந்த வைர மோதிரத்தைக் கழற்றி வெண்காடன் விரலில் போட்டார் ராஜா.

பிரதானி பக்கம் திரும்பினார். "உம் கண்ணும் பிழைத்தது. இனிப் போட்டிதோறும் பரிசலில் உட்கார்ந்து நீந்துகிற தலைகளை எண்ணிக்கொண்டிரும். ஒன்று குறைந்தால் உம்முடையதை வைத்து நிரப்புவேன்."

அதற்குப் பிறகு அந்தக் குளத்தில் ஒருவரும் முழுகவில்லை. திருமலைக்கொழுந்தைப் போல் அவ்வளவு கவனமாகப் போட்டி பார்த்தவர் அந்த நாட்டிலேயே கிடையாதாம்.