எல்லை தாண்டாத கை

அந்த உத்தரவை எழுதின மகராசன் எவனோ, எல்லாம் அவன் செய்த வேலை. ‘தும்பநாட்டுத் தரவு ஒன்றுகூட எல்லை தாண்டக் கூடாது’ என்று ஒரே வரி. எழுதிவிட்டு சாப்பிடப் போய்விட்டான்.

பக்கத்து நாட்டில் உலக பிளக் மாநாடு. இனி உலகம் முழுக்க பிளக்குக்கு உருண்டைக் காலா, தட்டைக் காலா என்று வாக்கெடுப்பு. தும்பநாட்டின் சார்பில் அமைச்சர் பரஞ்சோதியும் ஆலோசகர் ஞானப்பழமும் போனார்கள். கூடவே பிச்சாண்டி. தெருத்தெருவாக வயர் விற்று, அடிபட்டு மிதிபட்டு பிளக் கம்பெனி வைத்தவர். கிடங்கில் முப்பதாயிரம் உருண்டைக் கால் பிளக்குகள். தட்டைக் கால் ஜெயித்தால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

வாசலில் ஒரு பெண் பெயர் கேட்டாள்.

“பெயர் தரவு. தர முடியாது” என்றார் அமைச்சர்.

“எந்த நாடு?”

“அது அதைவிடப் பெரிய தரவு.”

பிச்சாண்டி பேரம் பேசினார். “பேர் வேணாம் தாயி, ஒரு கோடு போட்டுக்க.” மூன்று பெயர் அட்டையிலும் கோடு போட்டு உள்ளே விட்டாள்.

வாக்கு நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. பாக்கி, உருண்டைக் காலுக்குத் தூக்க வேண்டிய அமைச்சரின் கை மட்டும்தான்.

“தூக்கட்டுமா?”

“ஐயோ! நம் நாட்டு அபிப்பிராயம் தெரிந்துவிடுமே. அபிப்பிராயமும் தரவுதானே?” என்றார் ஞானப்பழம்.

“பாதி தூக்கினால்?”

“பாதி கசியும்.”

“யோவ், என் பொழப்பு போகுதுய்யா!” என்று கத்தினார் பிச்சாண்டி.

மாநாட்டுத் தலைவர் மறுநாள் மத்தியானம்வரை தவணை கொடுத்தார். ஞானப்பழம் யோசித்தார். “தூக்குவது தப்பில்லை. இங்கே தூக்குவதுதான் தப்பு.”

மூவரும் ஜீப்பில் எல்லைச் சாவடிக்குப் பறந்தார்கள். தடுப்புக் கம்பிக்கு உள்பக்கம், சொந்த மண்ணில், அமைச்சர் கம்பீரமாகக் கை தூக்கினார். ஞானப்பழமும் தூக்கினார்.

பிச்சாண்டிக்குப் பொறுக்கவில்லை. “இம்புட்டு தூரத்துக்கு ஒத்தக் கை எப்படிய்யா தெரியும்?” என்று தன் இரண்டு கையையும் தூக்கினார்.

மத்தியானம் தாண்டியது.

“எண்ணிட்டாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்கய்யா!”

“கேட்டால் நமக்குத் தெரியாது என்கிற தரவு வெளியே போய்விடுமே!”

“அப்போ இறக்கிடலாமா?”

“இறக்கினால் வாக்கு வாபஸ்.”

ஆச்சு, இன்றோடு பதினொரு நாள். உத்தரவு எழுதின ஐயா, எங்கிருந்தாலும் உடனே வந்து இன்னொரு வரி எழுதித் தொலையும். பிச்சாண்டிக்கு மூக்கு அரிக்கிறது.