ஒருத்தி மிஞ்சிய எறும்புப் படை

எறும்புகளுக்கு வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரைப் புற்று ஒன்றில் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது எறும்புகள் வாழ்ந்தன. அவர்களை நடத்திச் செல்பவள் கொடுக்காயி. முன்கோபக்காரி.

முந்தைய வெள்ளத்தின்போது, வரிசையில் இடமில்லாமல் பின்னால் வந்த சிலரை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. கொடுக்காயியின் அக்காவும் அதில் போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் ராணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "எல்லா வரிசையும் சமமாக இருக்க வேண்டும். ஒருத்திகூட மிஞ்சக் கூடாது."

மறுபடியும் மேற்கே வானம் கறுத்தது. மேட்டுக்குப் போயாக வேண்டும். கொடுக்காயி எல்லோரையும் இரண்டு வரிசையாக நிறுத்தினாள். கால் விளங்காத வேம்பி என்ற கிழட்டு எறும்பு தனியாக மிஞ்சினாள். மூன்று வரிசையாக்கினாள். வேம்பியோடு இன்னொருத்தியும் மிஞ்சினாள். ஏழு போட்டாள், பதினொன்று போட்டாள், பதிமூன்று போட்டாள். கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"இன்னும் ஒரே ஒரு முட்டை பொரித்திருக்கக் கூடாதா அம்மா?" என்று ராணியிடமே எரிந்து விழுந்தாள். "ஒருத்தி கூடியிருந்தால் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எதில் நிறுத்தினாலும் கச்சிதமாக நின்றிருப்போமே!"

"நான் சொன்னால் முட்டை பொரியுமா? ஆக வேண்டியதைப் பார்."

கடைசியாக, வரிசைக்கு எண்பத்தொன்பது பேராக எண்பத்தொன்பது வரிசை போட்டுப் பார்த்தாள். "தள்ளி நில்லடி", "என் காலை மிதிக்காதே" என்று ஒரே கூச்சல். எல்லாம் அடங்கியபின் பார்த்தால், கடைசி வரிசையில் இரண்டு இடம் காலி.

கொடுக்காயி முன்னங்கால்களால் தலையில் அடித்துக்கொண்டாள். அப்போது முதல் துளி விழுந்தது.

"என்னை விட்டுவிட்டுப் போ, கொடுக்காயி," என்றாள் வேம்பி. "நான் இல்லாவிட்டால் இரண்டு வரிசை சரியாக வந்துவிடும்."

"அதுவும் சரிதானே," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கொடுக்காயிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "எது சரி? என் அக்காவை விட்டுவிட்டு ஓடினோமே, அதுவும் சரியா? எவளாவது இன்னொரு முறை சொல்லுங்கள், கடித்து வைக்கிறேன்! சமமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வேம்பி, நீ என் பின்னால் வா. மற்றவர்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்து தொலையுங்கள்!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். வேம்பி நொண்டிக்கொண்டே அவளைத் தொட்டபடி நடந்தாள். வேம்பியைத் தொட்டபடி அடுத்தவள். தடுமாறியவளைப் பின்னால் வந்தவள் முட்டித் தள்ளினாள். புற்றுக்குள் தண்ணீர் புகுந்தபோது, கடைசி எறும்பும் மேட்டில் கால் வைத்துவிட்டாள்.

"எத்தனை வரிசை?" என்று ராணி கேட்டாள்.

"ஒன்று."

"மிஞ்சியது?"

"யாருமில்லை." சொன்ன பிறகுதான் கொடுக்காயிக்கே உறைத்தது. அந்தக் கூட்டத்தைச் சமமாக நிறுத்த இரண்டே வழிதான் இருந்திருக்கிறது. ஆளுக்கொரு வரிசையாகச் சிதறி நிற்க வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

"இதை முதலிலேயே செய்திருக்கலாமே," என்றாள் வேம்பி.

கொடுக்காயி அவளை முறைத்த முறைப்பில் மழையே ஒரு கணம் நின்றதாம்.

எறும்புகள் ஒற்றைச் சாரையாக ஊரத் தொடங்கியது அன்று முதல்தான். நடுவில் விரலால் கோடிழுத்துப் பாருங்கள்: பதறி அங்குமிங்கும் தேடி, முன்னால் போனவளைக் கண்டுபிடித்த பிறகுதான் மேலே நகரும்.