இருளப்பன் எழுதிய ஒரு பக்கம்

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம். சேர வருகிறவர் யாரானாலும் அதுவரை வாழ்ந்ததை எழுதிக்கொண்டு வந்து, மடத்துத் தலைவியான அம்மையின் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். அம்மை தலையசைத்தால் அந்தத் தாளை ஆற்றில் விட்டுவிட்டு வந்து காவி வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் "இன்னும் எழுதுங்க" என்பார். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு விளக்கமும் வராது.

தாணுலிங்கம் நான்கு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவர், அம்மையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எழுதச் சொன்னால் கேட்கவா வேண்டும்! அப்பாவின் வீட்டை அண்ணன் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டது, அண்ணனை மட்டும் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனது, அண்ணன் மகள் கல்யாணத்தில் தன்னைப் பின்வரிசையில் உட்கார வைத்தது என்று ஒன்றையும் விடவில்லை. பதினொரு தடவை எழுதினார். அவர் வாசிக்க வாசிக்கச் சமையற்கட்டில் இருந்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மை துடைக்கவில்லை.

"இன்னும் எழுதுங்க."

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் இருளப்பன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். நாலு வரி எழுதினால் நாற்பது பிழை. வந்த மூன்றாம் வாரம் தாணுலிங்கம் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினால், அவன் காவி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! ஒரே ஒரு பக்கம் எழுதினானாம். அம்மை உடனே தலையசைத்துவிட்டாராம்.

தாணுலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. அன்று கஞ்சி இறங்கவில்லை. அவன் எதிரே வந்தால் வேப்பமரத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மடத்தில் இருப்பவருக்குப் பொறாமை கூடாதுதான். கூடாது என்றால் வராமல் போய்விடுமா?

ஒரு நாள் இருவரும் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"அப்படி என்னதாம்ப்பா எழுதினே?"

"ஒரு சைக்கிள்காரரை இடிச்சுப்போட்டு நிக்காமப் போயிட்டேன் சார். வண்டி நம்பர் தெரியக்கூடாதுன்னு லைட்டை அணைச்சேன். அவரு செத்துட்டாரு. ஜெயில்ல இருந்துட்டுத்தான் வந்தேன். ஆனா லைட்டை அணைச்சதைக் கோர்ட்டுலகூடச் சொல்லல. இங்கதான் சொன்னேன்."

சொல்லிவிட்டு அடுத்த பூசணிக்காயை எடுத்தான்.

கேட்ட மனுஷனுக்கு நெஞ்சு பதற வேண்டாமா? தாணுலிங்கத்துக்கு முதலில் வந்த நினைப்பே வேறு. அடடா, இவனுக்கு எப்பேர்ப்பட்ட விஷயம் அமைந்திருக்கிறது! நமக்கு ஒன்றும் அமையவில்லையே! பாவத்தில்கூட இவன் முந்திக்கொண்டானே என்று உள்ளுக்குள் பொருமினார்.

மறுநாளே உட்கார்ந்து பன்னிரண்டாவது தடவை எழுதினார். இந்தத் தடவை அவரும் ஒரே பக்கம். அம்மை முன்னால் போய் நின்று வாசித்தார்.

"என் அண்ணன் ஆற்றுச் சுழலில் மாட்டிக்கொண்டான். கை நீட்டினால் எட்டும் தூரம். நான் நீட்டவில்லை. அவன் தலை மூன்று முறை மேலே வந்தது. எண்ணிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு வரவில்லை."

மூக்கை உறிஞ்சினார். கண்ணீர் அசல்தான், அதில் குறை சொல்ல முடியாது. வாசலில் நின்று கேட்ட இருளப்பன்கூடக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அம்மை கேட்டார்.

"இது எப்ப நடந்தது?"

"எனக்கு இருபது வயசு இருக்கும், அம்மா."

"மகள் கல்யாணத்துல உங்களைப் பின்வரிசையில உட்கார வச்சாரே, அவர் வேற அண்ணனா?"

தாணுலிங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எனக்கு… ஒரே அண்ணன்தான்."

"உயிரோட இருக்காரா?"

"இருக்கார்."

"நல்லா இருக்காரா?"

"அவருக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கார்! மூணு பேரப்பிள்ளைங்க. எழுபது வயசுல ஒரு பல்லுகூட விழல. அவர் நல்லா இருக்கிறதுதான் எனக்குப் பொறுக்கல!"

கத்திய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. இருளப்பன் தலை குனிந்துகொண்டான்.

அம்மைக்குக் கோபம் வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"இப்பச் சொன்னீங்களே கடைசியா ஒண்ணு, அதை எழுதுங்க."

தாணுலிங்கம் பேனாவை எடுத்தார். 'என் அண்ணன்' என்று தொடங்கினார்.

"அண்ணனை விட்டுடுங்க ஐயா," என்றார் அம்மை. "மிச்சம் இருக்கிற உங்களை மட்டும் எழுதுங்க."