வீட்டுக்குள் ஓர் ஆம்பளைக் குரல்

செவத்தையா மடத்துக்குள் நுழையும்போதே வேலாண்டிச் சாமிக்குத் தெரிந்துவிட்டது, ஆள் சரியில்லை என்று. மற்ற நாளில் வாசலில் செருப்பைக் கழற்றி, மீசையைத் தடவி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இன்றைக்குச் செருப்போடு வந்து நின்றார். கக்கத்தில் துண்டு சுற்றிய பொட்டலம். துண்டுக்கு வெளியே அருவாள் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. வாழைத்தார் வியாபாரி அருவாளோடு திரிவது புதுசில்லை. அதை மறைத்துக்கொண்டு வருவதுதான் புதுசு.

இந்தக் குருவும் சீடனும் கொஞ்சம் விசித்திரமான ஜோடி. சாமி வயதில் சின்னவர். செவத்தையா அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊரில் ஒருத்தன் பேச்சையும் கேட்காத மனுஷன், இவர் சொன்னால் மட்டும் கேட்பார். ஏன் என்று அவருக்கே தெரியாது. சாமியும் வயதுக்கு மரியாதை கொடுத்து நீர், உமது என்றுதான் பேசுவார்.

"உக்காரும்வே. தண்ணி குடிக்கீரா?"

"தண்ணியெல்லாம் வேண்டாம் சாமி. கெட்டிக்கிட்டவ துரோகம் பண்ணினா என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

"யாரைச் சொல்லுதீரு?"

"என் வீட்டுக்காரியைத்தான். முத்துக்கனியை."

"கண்ணால பாத்தீரா?"

"காதால கேட்டேன். நான் தார் ஏத்தி விட்டுட்டு வீட்டுக்கு வாரேன். தெருவுல நிக்கும்போதே உள்ள ஒரு ஆம்பளைக் குரல் கேக்கு. கட்டைக் குரல். அவன் என்னமோ சொல்லுதான், அவ சிரிக்கா. எங்கிட்ட அவ சிரிச்சு எவ்வளவு காலமாச்சு தெரியுமா சாமி? நான் ஒரு கனைப்புக் கனைச்சதும் கப்புன்னு அடங்கிப் போகுது. உள்ள போனா ஒருத்தனையும் காணோம். அவ அடுப்படியில நிக்கா. மகன் புஸ்தகத்தைத் திறந்து வச்சிருக்கான். பின்கதவு திறந்து கிடக்கு. ஒரு நாள் இல்லை, எப்பப் போனாலும் இதே கூத்துதான்."

"பின்கதவு எப்பவும் திறந்துதானே கிடக்கும்?"

செவத்தையா சாமியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பாருங்கள், குருவையே விட்டுவைக்கவில்லை மனுஷன்.

சாமி கோபப்படவில்லை. "எல்லார் வீட்டுலயும் பகல்ல பின்கதவு திறந்துதான்வே கிடக்கும். பிள்ளைகள்கிட்டக் கேட்டீரா?"

"கேட்டேன். மக மகனைப் பாக்கா, அவன் தரையைப் பாக்கான். மூணு பேரும் கூட்டு. சேந்துக்கிட்டு என்னைக் கோமாளியாக்குதாங்க."

"மகன் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் எங்க சொல்லுவான்? எனக்கு முன்னால தலையாட்டுறதோட சரி. அவ்வளவு மரியாதையா வளத்திருக்கேன்." அந்த வேதனையிலும் கை மீசைக்குப் போனது.

"இந்தக் கனைப்பு யாருகிட்டப் படிச்சீரு?"

"எங்கப்பாகிட்டத்தான். அவரு தெருமுனையில கனைச்சா வீடே அடங்கிரும். ஆம்பளை வாரது வீட்டுக்குத் தெரியணும்லா சாமி?"

"அவரு கனைச்சா, சின்னப் பிள்ளையில நீரு என்ன செய்வீரு?"

"நானா? அரிசி மூட்டைக்குப் பின்னால போய் உக்காந்துக்கிடுவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சாமி சிரிக்கவில்லை.

"இன்னைக்குக் கனைக்காமப் போரும். செருப்பையும் இங்கேயே விட்டுட்டு, பின்பக்கமாப் போரும்."

"என் வீட்டுக்குள்ள நானே களவாணிப்பய மாதிரி நுழையவா?"

"உண்மை தெரியணும்னா அப்படித்தான் போவணும். அருவாளைக் குடுத்துட்டுப் போரும். தென்னமட்டை வெட்ட அருவா இல்லாமக் கெடக்கு."

செவத்தையா தயங்கினார். சாமிக்கும் அந்த வீட்டுக்கும் ஏதாவது தொடுப்பு இருக்குமோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. பிறகு, "கழுத்தை நெரிக்க இந்தக் கை போதும்" என்று முனகிக்கொண்டே அருவாளைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம். செவத்தையா வெறுங்காலோடு வீட்டுக்குப் பின்னால் போய்த் துவைக்கிற கல்லை ஒட்டி நின்றார். உள்ளே அதே குரல். அதே கட்டைக் குரல்.

"வாயைத் திற. இன்னும் ஒரு வாய்."

"போதும்யா. அவரு சாப்பிடாம நான் சாப்பிட்டது தெரிஞ்சா..."

"அவரு எப்ப வருவாரோ. அதுக்குள்ள நீ தின்னு முடி."

எவனோ ஒருத்தன் அவர் வீட்டுச் சோற்றை அவர் பொண்டாட்டிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறான்! பாதி திறந்து கிடந்த பின்கதவை உதைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

முத்துக்கனி தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் மகன் இசக்கிராஜா, கையில் பிசைந்த சோற்றோடு. அவ்வளவுதான். வேறு ஆள் இல்லை.

"எங்கலே அவன்?"

மகன் எழுந்து நின்றான்.

செவத்தையா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பீரோவைத் திறந்தார். அரிசி மூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே அவர் மகள் சுடலி முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தாள். கதவு உதைபட்ட சத்தத்திலேயே ஓடி ஒளிந்திருக்கிறாள், பாவம்.

"இங்க பேசினவன் எங்கடி போனான்?"

"உங்க மகன்தாங்க பேசினான்."

"யாருகிட்டப் பொய் சொல்லுத? எம் மகன் குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றாள் முத்துக்கனி. அப்படி அவள் எதிர்த்துச் சொன்னதே இல்லை. "அவனுக்குக் குரல் உடைஞ்சு போச்சு. சித்திரையிலயே உடைஞ்சாச்சு. இது ஐப்பசி."

அப்போதுதான் செவத்தையா அவள் வலது கையைப் பார்த்தார். மணிக்கட்டு வீங்கி, மஞ்சள் பத்துப் போட்டுத் துணி சுற்றியிருந்தது. முந்தாநாள் குழம்பில் உப்புக் கூடிப்போனது ஞாபகம் வந்தது. அந்தக் கையைப் பிடித்து முறுக்கியதும் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கை என்ன ஆனது என்று அவர் பார்க்கவேயில்லை.

"பேசுலே" என்றார் மகனிடம்.

இசக்கிராஜா வாயைத் திறந்தான். தொண்டை ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. கடைசியில் தலையை ஆட்டினான்.

மறுநாள் காலையில் செவத்தையா மடத்துக்கு வந்தபோது சாமி மட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

"வேற எவனும் இல்லை சாமி. எம் மகன்தான்."

"நல்லதாப் போச்சு."

"என்னத்தை நல்லது? அவன் குரல் ஊருக்கே தெரிஞ்சிருக்கு. டீக்கடைக்காரன்கிட்டக் கேட்டா, 'இப்பத்தான் கேக்கீராவே?'ன்னு சிரிக்கான். என் வீட்டுல எனக்கு மட்டும் தெரியலை. எல்லாம் அவ வேலை. அப்பன்கிட்டப் பேசாதேன்னு அவதான் சொல்லிக் குடுத்திருக்கணும். பிள்ளைகளை எனக்கு எதிரா மந்திரிச்சு விட்டிருக்கா."

"நேத்து அப்படித் தெரிஞ்சுதா உமக்கு?"

செவத்தையா மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊட்டிக்கிட்டு இருந்தான் சாமி. கைக்குழந்தைக்கு ஊட்டுற மாதிரி அவளுக்கு ஊட்டிக்கிட்டு இருந்தான். அந்தக் குரலு... எங்கப்பா குரலு மாதிரியே இருக்கு. ஆனா எங்கப்பா இவ்வளவு தன்மையாப் பேசி நான் கேட்டதில்லை."

சாமி அடுத்த மட்டையை எடுத்தார்.

"என்னைப் பாத்ததும் தொண்டை அடைச்சுப் போச்சு அவனுக்கு. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன், பிடிபடலை. எதுக்குப் பயப்படுதான்? அவனை நான் ஒரு அடி அடிச்சது கிடையாது. சாமி சத்தியமாச் சொல்லுதேன். பெத்த பிள்ளை மேல, அதுவும் ஆம்பளைப் பிள்ளை மேல, என் கை பட்டதே கிடையாது." செவத்தையாவின் குரல் உடைந்தது. "அடிச்சதெல்லாம் அவளைத்தான்."

சாமி அருவாளைக் கீழே வைத்தார்.

"அவளை அடிக்கையில, உம்ம மகன் எங்கவே நின்னான்?"