ஏசல் பாடிய இருவர்

பெருமாள் கோயில் தெருவில் வீடுகள் எரிந்தன. தீ வைத்தவர்கள் பிடிபட்டார்கள். சிவன் கோயில் தெரு எண்ணெய் வணிகன் அம்பலத்தான் பிடிபடவில்லை. அவன் சில மாதங்களாகத் தன் கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிவந்தது இதுதான்: “அந்தத் தெருவில் எதுவும் வாங்காதீர்கள். கடவுள் அவர்களுக்கு நல்ல புத்தி தரட்டும்.” அதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை.

அதன்பிறகு அமைச்சர் வில்லவராயர் ஒரு சட்டம் எழுதினார். பிறர் தெய்வத்தைப் பழித்தால் சிறை. ஓட்டையில்லாத வலை என்று அவருக்குப் பெருமை.

வலையில் முதலில் விழுந்தவர்கள் உமையாளும் நாச்சியாரும். திருவிழாவில் ஒருவர் தெய்வத்தை மற்றவர் கேலிசெய்து ஏசல் பாடுகிறவர்கள். சுடுகாட்டைவிட நல்ல இடம் கிடைக்கவில்லையா உன் சிவனுக்கு என்று நாச்சியார் பாடுவாள். பாம்பின்மேல் படுத்தவர் எழுந்திருப்பாரா மாட்டாரா என்று உமையாள் கேட்பாள். ஊர் சிரிக்கும்.

மனம் புண்பட்டதாகப் புகார் கொடுத்தவன் அம்பலத்தான்.

அமைச்சர் சிறைக்குப் போனார். நாளை திருவிழாவின் கடைசி நாள், மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன் என்றார்.

உமையாள் சொன்னாள்: “ஏசப்போகிறவள் அதற்கு முந்தின நாள் எதிராளி வீட்டில் கைநனைக்க வேண்டும். அது எங்கள் வழக்கம், ஐயா. இவள் வீட்டுப் புளியோதரையைத் தின்றுவிட்டுத்தான் பாடினேன். அதில் உப்பில்லை. அதையும் பாடினேன்.”

“மூன்று தரம் வாங்கித் தின்றவள் சொல்கிறாள்” என்றாள் நாச்சியார். பிறகு அமைச்சரை நேராகப் பார்த்தாள். “இந்த ஊரில் ஏசல் பாடியவள் எவளும் மன்னிப்புக் கேட்டதில்லை.”

அமைச்சர் தம் குரு பொன்னடிகளிடம் வேகமாக வந்து, சிறையில் கேட்டதைச் சொன்னார்.

“சட்டத்தில் விட்டுப்போன வரி கிடைத்துவிட்டது, சுவாமி. எதிராளி வீட்டில் உண்ணாதவன் பழித்தால்தான் குற்றம் என்று சேர்த்துவிடுகிறேன்.”

“அம்பலத்தான் பழிக்கவே இல்லையே.”

“அப்படியானால் எல்லாரும் அடுத்த தெருவில் உண்ண வேண்டும் என்று எழுதுகிறேன்.”

“உண்பான். இலையை வழித்து உண்பான். கை கழுவிவிட்டுக் கடைக்குப் போய் உட்காருவான். பிறகு என்ன எழுதுவாய்?”



“அந்தப் பெண்களை விட்டால் என் சட்டம் தோற்றது என்று ஊர் பாடுமே, சுவாமி.”

“பாடும். அவர்கள்தான் முதலில் பாடுவார்கள்” என்றார் பொன்னடிகள். “சிறைக் கதவைத் திற. இன்றே அவர்களுக்கு உன் வீட்டில் இலை போடு.”